கடைசி மிதிவண்டியின் வேகமே குழுவின் வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோரத்து ஒதுக்குப்புறச் சாலைகளில் நான்கைந்து நாட்கள் குழுவாக மிதிவண்டியில் செல்லும் பயணங்களுக்கான அறிவிப்புகள் அண்மைக் காலமாகத் தங்கள் நாளிதழின் நிகழ்ச்சிப் பகுதியில் அடிக்கடி வருகின்றன. பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தகைய பயணங்களில் பங்கேற்றும், சிலவற்றைத் திட்டமிட உதவியும் வருபவன் என்ற முறையில் அவற்றைக் கண்டு மகிழ்கிறேன். ஆனால் ஏறத்தாழ எல்லா அறிவிப்புகளிலும் மொத்தத் தொலைவும் நாட்களின் எண்ணிக்கையும் மட்டுமே இடம்பெறுகின்றன. எந்தத் திசையில் செல்கிறார்கள், காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள், கடைசியாக வருபவரோடு துணைக்கு யார் வருவார் என்பவை எதிலும் காணோம். கடலோரப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கலந்துகொண்ட ஐந்து நாள் பயணம் ஒன்றின் மூன்றாம் நாள் பிற்பகலை என்னால் மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு பேர் புறப்பட்டிருந்தோம். எங்களில் மூத்தவர் அறுபது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். முதல் இரண்டு நாட்களும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரே சீராக மிதித்து வந்தவர். மூன்றாம் நாள் நண்பகலுக்கு மேல் எதிர்காற்று வலுத்தது. முன்னால் சென்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு விரைந்துவிட, அந்த அம்மையாரும் நானும் பின்தங்கினோம். மணல்மேட்டை ஒட்டிய ஒரு வளைவில் அவருடைய பின்சக்கரத்திலிருந்து 'டங்' என்று ஓர் ஓசை கேட்டது. அடுத்த நொடியிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தபோது, செயின் இருக்கும் பக்கத்து ஸ்போக் கம்பி ஒன்று, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில் முறிந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமானால் முதலில் பற்சக்கரங்களைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவியும் மாற்றுக் கம்பிகளும் எங்களுக்குப் பல கிலோமீட்டர் முன்னால் போய்விட்ட வழிநடத்துநரின் பையில் இருந்தன. கைப்பேசியில் சிக்னலும் இல்லை. என்னிடமிருந்த கம்பி முடுக்கும் சாவியை வைத்துக்கொண்டு, முறிந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டி, எதிர்ப்பக்கத்து அண்டைக் கம்பிகள் இரண்டையும் கால் கால் சுற்றாகத் தளர்த்தி, பின் பிரேக்கை விடுவித்து, சக்கரம் உரசாமல் ஓடும் அளவுக்குக் கோட்டம் எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

உண்மையான துன்பம் அதற்குப் பிறகுதான். மற்றவர்கள் இளைப்பாறிக்கொண்டிருந்த இடத்தை நாங்கள் அடைந்தபோது, எங்களைக் கண்டதும் அனைவரும் எழுந்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். "வந்துவிட்டார்கள், புறப்படலாம்" என்று ஒரு குரல் கேட்டது. அதில் கடுமை ஏதும் இல்லை. ஒன்றரை மணி நேரம் நிழலில் அமர்ந்திருந்தவர்களுக்கு அது இயல்பான சொல்தான். ஆனால் அந்த அம்மையார் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, உட்காராமலேயே மறுபடி வண்டியில் ஏறினார். மறுநாள் காலை தமக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டார். யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்லவில்லை. அதன்பின் எந்தப் பயணத்திலும் அவரை நான் பார்க்கவில்லை.

குழுப் பயணங்களில் திரும்பத் திரும்ப நேரும் அநீதி இது. அதிகம் களைத்தவருக்கே குறைந்த ஓய்வு கிடைக்கிறது, முன்னால் சென்றவர்களுக்கோ தேவைக்கு மேல் கிடைக்கிறது. ஒரு நாளோடு முடியும் சவாரியில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பல நாள் பயணத்தில் அந்தக் களைப்பு மறுநாளைக்கும் அதற்கு மறுநாளைக்கும் சேர்ந்துகொண்டே போகும். இதைச் சரிசெய்யப் பணம் எதுவும் தேவையில்லை. அனுபவம் உள்ள ஒருவர், கருவிப் பையோடு, எந்நேரமும் அனைவருக்கும் கடைசியில் வர வேண்டும். ஓய்வு நேரத்தைக் கடைசி மிதிவண்டி வந்து நின்ற நொடியிலிருந்து கணக்கிட வேண்டும். சாலை பிரியும் இடங்களில், வழிநடத்துநருக்கு அடுத்து வருபவர் அங்கேயே நின்று, கடைசியில் வருபவர் கண்ணில் படும்வரை ஒவ்வொருவருக்கும் வழி காட்ட வேண்டும். அப்படிச் செய்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் யாரும் வழி தவற மாட்டார்கள்.

இவை நான் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. 1897ஆம் ஆண்டு இத்தாலியில் தோன்றி, 1904இல் பிரான்ஸுக்கு வந்த ஆடாக்ஸ் என்னும் நெடுந்தொலைவு சவாரி முறையில், குழு முழுவதும் ஒன்றாகவே செல்ல வேண்டும். முன்னால் செல்லும் சாலைத் தலைவர் வேகத்தைச் சீராக வைத்திருப்பார், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அவரைத் தாண்டிச் செல்லக் கூடாது. இன்று அந்த வேகம் பெரும்பாலும் மணிக்கு 22.5 கிலோமீட்டர். நம்மைப் போன்ற சாதாரணப் பயணிகளுக்கு அது அதிகம், ஆனால் 'ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகச் சேர்வது' என்ற அந்த அடிப்படை நமக்கும் பொருந்தும். வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட பால் த விவி (1853–1930) என்ற பிரெஞ்சுக்காரர், பல கியர்கள் கொண்ட மிதிவண்டிகளுக்காக வாழ்நாளெல்லாம் வாதிட்டவர். நெடும்பயணம் செல்வோருக்கு அவர் வகுத்த விதிகளில், பசிக்கும் முன் உண்ண வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும் என்பவற்றோடு, வீம்புக்காக ஒருபோதும் மிதிக்கக் கூடாது என்பதும் ஒன்று. குழுவில் முன்னால் செல்லத் துடிக்கும் நம் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தக் கடைசி விதியைத்தான்.

அடுத்தது காற்று. மலைப்பாதையில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும், கடலோரத்தில் ஏற்றமே காற்றுதான், அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வரைபடத்தில் தட்டையான கோடாகத் தெரியும் சாலையைப் பார்த்து 'ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் எளிது' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். காற்றின் தடை, நம் மீது மோதும் காற்றின் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்றே வீசாத வேளையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், அதே 20 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால், மோதும் காற்றின் வேகம் 40 ஆவதால், காற்றின் தடை நான்கு மடங்காகிவிடும். சரி என்று வேகத்தைப் பாதியாக்கி, 10 கிலோமீட்டரில் சென்றாலும், காற்றை எதிர்க்க ஒவ்வொரு நொடியும் செலவாகும் உழைப்பு முன்பு 20இல் சென்றபோது செலவானதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். நேரமோ இரட்டிப்பாகும். ஒருவர் பின்னால் ஒருவர் நெருங்கிச் சென்றால் பின்னால் வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பயன் கிடைக்க வேண்டுமானால் முன்செல்பவரின் சக்கரத்தை விட்டு விலகாமல் இருக்க வேண்டும். ஒருமுறை இடைவெளி விழுந்துவிட்டால், பலம் குறைந்தவர் தனியாகவே காற்றோடு போராட வேண்டியதுதான். ஆகவே எதிர்காற்று நாளில், வலுவானவர்கள் முறைவைத்து முன்னால் நின்று காற்றைத் தாங்கி, களைத்தவரைக் குழுவின் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகச் செல்ல வேண்டும்.

கடற்காற்றுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. வெயில் ஏறத் தரை கடலைவிட விரைவாகச் சூடாவதால், முற்பகலில் கடலிலிருந்து காற்று எழுந்து, பிற்பகலில் உச்சத்தை அடைந்து, பொழுது சாயும்போது அடங்குகிறது. வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, நண்பகலுக்குள் அன்றைய தொலைவில் பெரும்பகுதியை முடித்துவிடும் குழு, ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் புறப்படும் குழுவைவிடப் பாதி களைப்போடு தங்குமிடம் சேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடற்காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வீசும். கேரியரின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டவர்களுக்கு அவை பாய்மரம்போல் ஆகிவிடும். மரவரிசையோ மணல்மேடோ முடிந்து திறந்தவெளி தொடங்கும் இடத்தில் திடீரென்று ஒரு தள்ளு தள்ளும், அங்கே இரு கைகளும் ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும்.

பருவக்காற்றைப் பார்த்துத் திசையை முடிவு செய்வது இன்னும் முக்கியம். அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்தில் செல்பவர்களில் பெரும்பாலோர் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியே செல்கிறார்கள். கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளும், வலப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடாகையால் கடலும் அவர்கள் செல்லும் ஓரத்திலேயே இருக்கும். தைவான் தீவைச் சுற்றிச் செல்வோர் பலர் இடஞ்சுழியாகச் செல்வதற்கும் இதுவே காரணம், கடல் எப்போதும் சாலையின் தம் பக்கத்தில் இருக்கும். இடப்பக்கப் போக்குவரத்து உள்ள நாடுகளில் கணக்கு நேர்மாறாகும். ஜப்பானில் ஓனோமிச்சியையும் இமாபாரியையும் தீவுகள் வழியே இணைக்கும், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளமுள்ள ஷிமானாமி பாதையில், சாலையோரம் நெடுக நீலக்கோடு வரைந்து வழிகாட்டியிருக்கிறார்கள். வரைபடத்தையே பார்க்காமல் அந்தக் கோட்டைத் தொடர்ந்து போகலாம். வசதி என்றால் இதல்லவா வசதி!

சந்தடியற்ற சாலை என்பதாலேயே அது பாதுகாப்பான சாலை ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாகனங்கள் குறைவு என்பதால் இருவர் மூவராகப் பேசிக்கொண்டு சாலையை அடைத்துச் செல்லத் தோன்றும். அதே சாலையில் எப்போதோ வரும் வண்டி, எதிரே யாரும் இருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் வேகமாக வரும். வளைவுகளில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். அதன்மேல் பிரேக் பிடிப்பதும் ஹேண்டிலைத் திருப்புவதும் கூடாது, வேகத்தை முன்னமே குறைத்துக்கொண்டு நேராக உருண்டு கடக்க வேண்டும். கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரம் பார்க்க வேண்டிய பாதைகளும் உண்டு. பிரான்ஸின் நுவார்மூத்தியே தீவுக்குச் செல்லும், 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான, கடலுக்கு நடுவே அமைந்த கூவா என்னும் சாலை நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கிவிடும். 1999இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் அதன்மேல் சென்றபோது, வழுக்கிய ஈரப்பரப்பில் தேர்ந்த வீரர்களே கொத்தாக விழுந்தார்கள். ஆகவே வழிநடத்துபவர் அந்தச் சாலையில், அதே பருவத்தில், ஒருமுறையேனும் தாமே மிதித்துப் பார்த்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தை வைத்து மட்டும் வகுத்த வழியில் இருபது பேரை அழைத்துச் செல்வது பொறுப்பான செயல் ஆகாது.

உப்பைப் பற்றி ஒரு சொல். அன்றைய சவாரி முடிந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் வண்டியை மெல்லக் கழுவி, செயினைத் துணியால் துடைத்து உலர்த்தி, ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்யாத வண்டியின் செயின் இரண்டே நாளில் செம்பழுப்பாகிக் கரகரக்கத் தொடங்கும். அன்று முறிந்த அந்தக் கம்பியின் முனையிலும் துரு ஏறியிருந்தது.

இவ்வளவையும் சொல்வது யாரையும் அச்சுறுத்த அல்ல. கடலோரச் சாலையில் பல நாள் செல்வதற்கு இணையான மகிழ்ச்சி என் வாழ்வில் வேறொன்றும் இல்லை. காலையில் தொடுவானத்தில் குச்சிபோல் தெரியும் கலங்கரை விளக்கம் அரை நாளாக அங்கேயே நிற்பதுபோல் நின்று, பிற்பகலில் திடீரென்று தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும். இரண்டாம் நாளுக்குள், முன்பின் அறியாத ஒருவரின் பெடல் சத்தத்தை வைத்தே அவர் பின்னால் வருகிறார் என்று அறிந்துகொள்வோம். இந்த மகிழ்ச்சி முந்திச் செல்லும் பத்துப் பேரோடு நின்றுவிடாமல், அந்த ஆசிரியையைப் போன்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயண அறிவிப்புகளை வெளியிடும்போது, தொலைவோடும் நாட்களோடும், பயணத்தின் திசை, தினமும் புறப்படும் நேரம், இடையில் ஓய்வு நாள் உண்டா, வழியை முன்கூட்டியே மிதித்துப் பார்த்தவர் யார், கடைசி மிதிவண்டியோடு வருபவர் யார் என்ற விவரங்களையும் ஏற்பாட்டாளர்களிடம் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன். பெயர் கொடுக்கும் வாசகர்களும் பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்கட்டும். கடைசியில் வருபவரின் பெயரைச் சொல்லத் தயங்கும் ஏற்பாட்டாளரோடு நான் இப்போது செல்வதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மிதிவண்டிப் பயணி ஒருவன்