175 பவுண்டுக்கு மேலே

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மீண்டும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் நலம்.

2025 பிப்ரவரியில் ரியாத்தில் பெட்டர்பியேவை வென்ற லைட் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் டிமிட்ரி பிவோல், இவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரராக இருந்தும் ஏன் எடை வரம்பே இல்லாத ஹெவிவெயிட் பிரிவுக்குப் போய்ப் பார்க்கக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். லைட் ஹெவிவெயிட்டின் உச்ச எடையான 175 பவுண்டு நம் கணக்கில் ஏறத்தாழ 79 கிலோ. அந்த எடையில் கோலோச்சிய பலர் மேலே போய்ப் பார்த்திருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிபட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள். முகமது அலியும் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் பிரிவில்தானே தங்கம் வென்றார் என்று நீங்கள் மடக்கக்கூடும். அப்போது அவருக்கு வயது 18; வளர்கிற பிள்ளை தானாகவே அடுத்த எடைக்குள் வளர்ந்துவிட்டான். 1984 ஒலிம்பிக்கில் அதே பிரிவில் வெண்கலம் பெற்ற ஹோலிஃபீல்டும் இரண்டுக்கும் இடைப்பட்ட குரூசர்வெயிட் பிரிவில் சில ஆண்டுகள் ஆடி, உடலைத் தேற்றிக்கொண்ட பிறகே மேலே போனார். வளர்ந்து முடிந்த ஒருவர், சாம்பியன் பட்டத்தோடு எடையைக் கூட்டிக்கொண்டு போவது வேறு சங்கதி.

அதற்கு என் மனத்தில் முதலில் வருபவர் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் பாப் ஃபாஸ்டர். ஆறடி மூன்று அங்குல உயரமும் நீண்ட கைகளும் உடையவர். அதற்கு முன் யாரிடமும் நாக் அவுட் ஆகாத டிக் டைகரை 1968இல் ஒரே இடக்கை ஹுக்கில் (வளைத்து விடும் குத்து) சாய்த்தவர். அப்படிப்பட்டவரை 1970 நவம்பரில் டெட்ராய்ட்டில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ ஃப்ரேசியர் இரண்டாவது சுற்றிலேயே முடித்துவிட்டார். 1972இல் நெவாடாவில் அலியோடு மோதியபோது ஃபாஸ்டர் அவரைவிட 40 பவுண்டு எடை குறைந்தவராக நின்றார். ஆனாலும் அவருடைய ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) அலியின் கண்ணருகே தோலைக் கிழித்தது. தொழில்முறை வாழ்க்கையில் அலிக்கு ஏற்பட்ட முதல் வெட்டு அதுதான். எட்டாவது சுற்றில் ஆட்டம் முடிவதற்குள் ஃபாஸ்டர் பலமுறை தரையைத் தொட்டுவிட்டார். ஃபாஸ்டரின் குத்து அலியைக் காயப்படுத்தியதே ஒழிய, தயங்க வைக்கவில்லை. 175 பவுண்டில் அவருடைய ஒரு குத்தை வாங்கியவன் அடுத்த அடி எடுத்து வைக்க யோசிப்பான். ஹெவிவெயிட்டிலோ அதே குத்தை வாங்கிக்கொண்டே உள்ளே வருவார்கள். வந்து கட்டிப்பிடித்தால் அவர்களுடைய பாரம் முழுவதும் சிறியவரின் கழுத்திலும் தோளிலும் இறங்கும். அதைத் தள்ளிவிட ஒவ்வொரு முறையும் செலவாகிற தெம்பு எந்த நடுவரின் புள்ளி அட்டையிலும் ஏறாது; பத்தாவது சுற்றுக்குப் பிறகு கால்களில் தெரியும்.

பில்லி கானின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1941 ஜூன் 18 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸை எதிர்த்து, லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த அவர் இறங்கியபோது 174 பவுண்டு என்று அறிவித்தார்கள். உண்மையில் 170ஐக்கூட எட்டவில்லை என்று சொல்வார்கள். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது இரண்டு அட்டைகளில் கான் முன்னணியில் இருந்தார், மூன்றாவதில் சமநிலை. அந்தப் பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸைத் தள்ளாட வைத்துவிட்ட துணிச்சலில், பதின்மூன்றாவதில் விலகி ஆடாமல் நேருக்கு நேர் நின்று குத்தப் போனார். அந்தச் சுற்று முடிய இரண்டு விநாடிகள் இருக்கையில் நாக் அவுட் ஆனார். இதைக் கானின் மூளைக் குறைவு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பதினைந்து சுற்றும் பிழையின்றி ஆடியாக வேண்டும் என்ற நிபந்தனையே மனிதனால் நிறைவேற்றக் கூடியதல்ல. பெரியவருக்கு ஒரு குத்து போதும், சிறியவருக்கு முழு இரவும் தேவைப்படுகிறது.

எடையை மட்டும் பார்த்தாலும் கணக்கு சரிவராது. 1955 செப்டம்பர் 21 அன்று லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆர்ச்சி மூரும் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் மோதியபோது இருவருமே ஏறத்தாழ 188 பவுண்டுதான். மூர் இரண்டாவது சுற்றில் மார்சியானோவை வீழ்த்தியும் காட்டினார். எழுந்துவந்த மார்சியானோ ஒன்பதாவது சுற்றில் அவரை முடித்தார். தராசு சமம் என்று காட்டினாலும், அடிதாங்கும் உடல் சமமாக இருக்கவில்லை.

மிகச் சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1985இல் அதே செப்டம்பர் 21 அன்றுதான் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் லாஸ் வேகாஸில் லேரி ஹோம்ஸைப் புள்ளிகளில் வென்று, லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருக்கும்போதே ஹெவிவெயிட் பட்டம் பெற்ற முதல் மனிதரானார். அன்று வென்றிருந்தால் மார்சியானோவின் 49 வெற்றிகளை ஹோம்ஸ் எட்டியிருப்பார். ஸ்பிங்க்ஸை 200 பவுண்டுக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் மேக்கி ஷில்ஸ்டோன், பல மைல் ஓடும் பழைய முறையை விலக்கிவிட்டு, குறுகிய தூர விரைவோட்டங்களையும் எடைப் பயிற்சியையும் புகுத்தினார். கூட்டிய எடை வேகத்தைத் தின்றுவிடவில்லை என்பதே அங்கு நடந்த அதிசயம். என்றாலும் எதிரே நின்ற ஹோம்ஸுக்கு 35 வயது, கை முன்பு போல் பறக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1988இல் மைக் டைசனைச் சந்தித்தபோது இருவருக்கும் இடையே ஆறே பவுண்டு வித்தியாசம். ஆட்டம் 91 விநாடிகளில் முடிந்துவிட்டது!

எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ராய் ஜோன்ஸ் இன்னும் கெட்டிக்காரர். 2003 மார்ச்சில் 193 பவுண்டில் நின்று, 226 பவுண்டு ஜான் ரூயிஸிடமிருந்து ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். கட்டிப்பிடித்து மல்லுக்கட்டுவதில் பெயர் பெற்ற ரூயிஸை அன்று நெருங்கவே விடவில்லை. ஆனால் மேலே போனதைவிடக் கீழே இறங்கியதுதான் அவரைக் கெடுத்தது என்பது என் எண்ணம். அதே ஆண்டு நவம்பரில் 175க்கு மீண்டும் வற்றி வந்து அன்டோனியோ டார்வரிடம் தட்டுத்தடுமாறித் தப்பினார். 2004 மே மாதம் அதே டார்வர் இரண்டாவது சுற்றில் அவரைப் படுக்க வைத்தார். செப்டம்பரில் கிளென் ஜான்சனும் அதையே செய்தார். அந்த ஆண்டுக்கு முன் யாரும் அவரை நாக் அவுட் செய்ததில்லை. வயதும் ஒரு காரணம் என்பீர்கள், மறுக்கவில்லை. ஆர்ச்சி மூர் ஆண்டுக்கணக்கில் ஏறியும் இறங்கியும் சாம்பியனாகவே இருந்தாரே என்றும் கேட்பீர்கள். மூர் அந்த ஏற்ற இறக்கத்தைத் தொழிலாகவே பழகியவர், ஜோன்ஸ் உருட்டித் திரட்டிய தசையைச் சில மாதங்களில் கரைத்தவர்.

இனி உங்கள் பிவோலுக்கு வருகிறேன். கான், மூர் காலத்து ஹெவிவெயிட்டுகள் 190, 200 பவுண்டு ஆட்கள். அவர்கள் இன்றிருந்தால் குரூசர்வெயிட்டில்தான் ஆடுவார்கள். நம் காலத்து டைசன் ஃப்யூரியோ 260 பவுண்டைத் தாண்டி வந்தவர். அவரை வென்ற உசிக்கே குரூசர்வெயிட்டை முழுவதுமாக ஆண்டுவிட்டு வந்தவர், பிவோலைவிட இயல்பிலேயே பெரிய உடல்வாகு கொண்டவர். காலாட்டமும் தூரக்கணிப்பும் பிவோலிடம் உண்டு. ஆனால் லைட் ஹெவிவெயிட்டிலேயே எதிராளிகளை அடிக்கடி நாக் அவுட் செய்பவர் அல்லர் அவர். ஆகவே குரூசர்வெயிட் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பேன்.

ஸ்பிங்க்ஸும் ஹோம்ஸும் 1986 ஏப்ரலில் மீண்டும் மோதிய ஆட்டத்தையும் நேரம் கிடைக்கும்போது பாருங்கள். தீர்ப்பு பிளவுபட்டு ஸ்பிங்க்ஸுக்குப் போனது. நானாக இருந்தால் ஹோம்ஸுக்கே கொடுத்திருப்பேன். உங்கள் அட்டையில் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்