துரைமாருக்கு ஏலம், எங்களுக்கு ஏலாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாரமலரில் வரும் இலங்கை மலையகத் தோட்டங்களின் கதைத் தொடரை முதல் வாரத்திலிருந்து வாசித்து வருகிறேன். ஞாயிறு பேப்பர் எங்கள் பக்கம் திங்கள் மத்தியானம்தான் வந்து சேருகிறது. அதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதி ஓய்ந்துவிட்டேன், சரி, அதை விடுவோம்.

போன வாரத் தொடரில் ஒரு வரி. சும்மா கிடந்த காட்டைப் பகிரங்க ஏலத்தில் உரிய விலை கொடுத்து வாங்கி, வெள்ளைக்காரத் துரைமார் பொன் விளையும் பூமியாக்கினார்களாம். வாசித்ததும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். தொடரை எழுதுகிறவர் படித்தவர், தாங்களும் சரித்திரம் தெரிந்தவர். இந்த வரி எப்படித் தங்கள் கண்ணில் படாமல் அச்சுக்குப் போனது என்றுதான் விளங்கவில்லை.

உரிய விலை என்றால் எவ்வளவு? தங்களுக்குத் தெரியாதது இல்லை. 1833 வரை காணி இனாமாகவே போனது. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் ஆளுநர் பார்ன்ஸே கோப்பித் தோட்டம் போட்டிருந்தார். அப்புறம்தான் முடிக்குரிய, அதாவது பிரிட்டிஷ் அரசுக்குரிய, காணியை ஏலத்தில் மட்டுமே விற்பது என்று விதி வந்தது. ஏலம் ஆரம்பிக்கும் அடிவிலை ஏக்கருக்கு 5 ஷிலிங். 1844இல்தான் அதை 20 ஷிலிங் ஆக்கினார்கள். அதற்குள் நல்ல காடெல்லாம் போய்விட்டது. 1841ஆம் வருஷத்தில் மட்டும் 78,000 ஏக்கருக்கு மேல் விற்றிருக்கிறார்கள்.

பகிரங்க ஏலம் என்பதையும் பார்ப்போம். காணி வேண்டும் என்கிறவர் விண்ணப்பம் போடுவார். நில அளவையாளர் போய் அளந்து படம் கீறுவார். அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வரும். குறித்த நாளில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் அரசாங்க அதிபர் முன்னால் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். சேனை என்று காட்டை வெட்டித் துப்புரவாக்கிக் குரக்கன் விதைக்கிறவன் வர்த்தமானியை எங்கே கண்டான்? கச்சேரிப் படியேறி ஏலம் கேட்க அவனிடம் ஷிலிங் ஏது? ஏலம் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். ஆளுநர் ஸ்டூவர்ட் மெக்கன்சி கேட்டார். காணியை அளந்து கொடுக்கும் திணைக்களத்தின் தலைவர் நொரிஸ் கேட்டார். மகாவம்சத்தை இங்கிலிஷில் பெயர்த்த ஜோர்ஜ் டர்னர், அவர் பெரிய சிவில் அதிகாரி, அவரும் கேட்டார். விற்கிறவரும் அளக்கிறவரும் வாங்குகிறவரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்தால் அது பகிரங்க ஏலமா, குடும்பப் பாகப்பிரிவினையா? உத்தியோகத்தர்கள் தோட்டம் வைத்திருக்கக் கூடாது என்று லண்டன் தடுக்க 1840களின் நடுப்பகுதி ஆயிற்று.

வெள்ளைக்காரர் மட்டும்தான் வாங்கினார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஹங்குரன்கெத்தவில் கண்டி ராசாவின் தோட்டத்தை மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா ஏலத்தில் எடுத்தார். அங்கே அவருக்குப் புதையல் கிடைத்தது என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். ஏலத்தில் ஜெயித்தவனுக்கெல்லாம் நம் நாட்டில் ஒரு புதையல் கதை உண்டு.

என்னை உறுத்துவது அந்தச் 'சும்மா கிடந்த' என்ற சொல்தான். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் என்ன சொன்னது? காடு, தரிசு, ஆள் குடியிராத, பயிர் செய்யாத நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கும் வரை முடிக்குரியது. கண்டிச் சீமையில் சேனை நிலமும் அப்படியே. ராசா கொடுத்த சன்னஸ் என்ற காணிப் பட்டயம் போல ஏதாவது ஆதாரம் காட்டினால்தான் தப்பும். சேனையை ஓரிரு போகம் வெட்டி, பல வருஷம் காடாக விட்டு, மறுபடி வருவதுதான் முறை. அந்த ஓய்வு வருஷத்தில் அளக்கப் போனால் சும்மா கிடந்த மாதிரித்தான் தெரியும். 1897இல் தரிசு நிலச் சட்டம் என்று இன்னொன்று. மூன்று மாத அறிவித்தல். அதற்குள் உரிமை கோராவிட்டால் முடிக்கு. ஊரான் வயல் விதைத்துவிட்டு வரும் நேரத்துக்குக் காணி போய்விடும்.

இது நான் பேப்பர் படித்துச் சொல்கிற கதை இல்லை. 1974இல் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தேன். ஆபீஸ் அலுமாரிக்கு மேலே ஒரு தகரக் குழாய் கிடந்தது. உள்ளே தோட்டத்தின் முதல் அளவைப்படம். துணியில் ஒட்டிய தாள், ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. சுற்றிலும் ரோசா நிற மையில் எல்லைக்கோடு. அந்தக் கோட்டுக்குள்ளே ஓர் ஓடை, அதைத் தாண்டி வளைந்து போகும் புள்ளிக்கோட்டில் ஒற்றையடிப் பாதை, இரண்டு இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி இங்கிலிஷ் எழுத்தில் 'சேனை'. ஏலத்துக்கு விட்ட காணியின் படத்திலேயே அது யாரோ உழைத்த இடம் என்று அளந்தவர் கையாலேயே எழுதியிருந்தது. நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றாமலே, "தம்பி, வாசிச்சது போதும், சுருட்டி வை" என்றார். வைத்துவிட்டேன். பிற்காலத்தில் நிர்வாகம் கைமாறியபோது பழைய கடதாசியெல்லாம் தொழிற்சாலை அடுப்புக்குப் போனது. தகரக் குழாய் மட்டும் மிஞ்சியது. காவல்காரர் அதில் குடை வைத்திருந்தார்.

செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கழித்த விறகுக்காகப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சிங்களக் கிழவர் வருவார். "ஒங்க ஏழாம் நம்பர் மலை எங்க சீயாட ஹேன" என்று, அது தன் தாத்தாவின் சேனை என்று, ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டுத்தான் விறகுக் கட்டைத் தூக்குவார். அந்தச் சனத்துக்கு எங்கள் மேல் கோபம். காணியைப் பிடித்தவன் கப்பலேறிப் போய்விட்டான், கண் முன்னால் இருப்பது நாங்கள். எங்களுக்கும் அதில் ஒரு சாண் இல்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? 1869இல் கோப்பியில் நோய் விழுந்து, துரைமார் கடன்பட்டுக் கைவிட்டபோது தோட்டங்கள் திரும்ப விலைக்கு வந்தன. காட்டை வெட்டிய எங்கள் பாட்டன்மார் அப்போதும் ஏலம் கேட்கவில்லை. விற்கிற தோட்டத்தோடு சேர்ந்து அவர்களும் லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்தார்கள்.

1948இல் எங்கள் பிரஜாவுரிமை போனது. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. எடுத்து என்ன, காணி பங்கிட எங்களையே எழுப்பினார்கள். 1977இல் 7,000 ஏக்கர் காணி பிரிப்பதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த வாரம் முழுக்க ஆபீசில் யாரும் யாரோடும் பேசவில்லை. தங்கள் தொடர் அங்கே வந்து சேருமா, அதற்குள் முடிந்துவிடுமா என்று தெரியாது.

இப்போது என் வீட்டுக்கு நான் கேட்கும் 10 பேர்ச் காணியின் கதைக்கு வருகிறேன். அப்பா பெயரில் இருந்த லயக் காம்பராவுக்குக் கூரை ஒழுகுகிறது. மகன் வங்கிக் கடனெடுத்து வீடு கட்டலாம் என்றான். வங்கி காணி உறுதிப் பத்திரம் கேட்டது. உறுதி கேட்டு நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று வருஷத்தில் ஒன்பது தரம் போயிருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளை மரியாதையான பிள்ளை. ஒவ்வொரு தரமும் எழும்பி நின்றுதான் சொல்லும்: "ஐயா, இது தோட்டக் காணி. அரசாங்கத்துட காணி, குத்தகை கம்பனிக்கு. உறுதி தர ஏலாது." துரைமாருக்கு ஏலம், எங்களுக்கு ஏலாது!

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிளாக்கர் புத்தி போகாதே. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஏக்கர் 5 ஷிலிங் என்றால் 10 பேர்ச்சுக்கு மூன்றே முக்கால் பென்ஸ். ஆளுநருக்கு அது உரிய விலை என்றால் எனக்கும் அதே விலை போடட்டும். முழுதாக 4 பென்ஸ் தருகிறேன், மிச்சக் கால் பென்ஸை அரசாங்கமே வைத்துக்கொள்ளலாம். 20 ஷிலிங் விலைதான் என்றாலும் பரவாயில்லை, ஒரு ஷிலிங் 3 பென்ஸ் ஆகிறது, கடன்பட்டாவது கட்டிவிடுவேன்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அடுத்த வாரத் தொடரின் அடியில், இடம் இருந்தால், 'சும்மா கிடந்த காடு' என்பதைச் 'சேனையும் காடும்' என்று திருத்தி வாசிக்கவும் என ஒரு வரி போடுங்கள். சென்ற முறை பஸ் நேரம் பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை மூன்று வரியாக்கி, அதிலும் ஊரின் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தீர்கள். வேலைப்பளு இருந்திருக்கும், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர்,
மாத்தளை மாவட்டம்.

பி.கு.: சுருக்கியே ஆக வேண்டும் என்றால் என் வீட்டுக் கூரை பற்றிய பகுதியைச் சுருக்குங்கள். ஆளுநரின் பெயரை எடுத்துவிடாதீர்கள்.