படுக்கைக்குப் புத்தகம் கொண்டுவந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கால் எலும்பு கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, மயூர் விகார் மார்க்கெட் வரை கம்பில்லாமல் போய்வருகிறேன். சாப்பாடு அனுப்பியவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் புத்தகம் கொடுத்தவர்களுக்கு. கொடுத்ததைப் படித்து என்ன தோன்றியது என்று சொல்வதுதானே மரியாதை?

முதலில் கீழ்வீட்டு மாமா. நீங்கள் தந்த உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ இருக்கிறதே, நெஞ்சில் வைத்துப் படித்தால் மூச்சு முட்டும். தலையணையில் சாய்த்து வைத்துத்தான் படித்தேன். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசைந்துகொடுக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். 1887இல் அதே சீவக சிந்தாமணியை இவரே பதிப்பிக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுண்டிப்போனது. மடத்து வைபவங்கள் கொஞ்சம் நீளம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் 1942இல் அவர் மறைந்துவிட, கதை 1899ஐ ஒட்டி நின்றுபோகிறதே, அது பெரிய ஏமாற்றம் மாமா. இன்னும் ஐந்நூறு பக்கம் இருந்தாலும் படித்திருப்பேன்.

அப்புறம், ராமகிருஷ்ணபுரம் தமிழ்ச் சங்க நூலகத்தில் தன் கணக்கில் எடுத்து, மெட்ரோவில் சுமந்துவந்த தோழி. பூமணியின் ‘வெக்கை’யை, அதான் ‘அசுரன்’ பார்த்தாயிற்றே என்று ஓரமாக வைத்திருந்தேன். நீ போனில் திட்டிய பிறகுதான் எடுத்தேன். படம் வேறு, இது வேறுதான். கையை மட்டும் வெட்ட நினைத்த பதினைந்து வயசுப் பையன் கொலை செய்துவிட்டு ஓடுவதில் கதை தொடங்கிவிடுகிறது. மிச்சமெல்லாம் அப்பனும் பிள்ளையும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிவது. எதைத் தின்பது, எங்கே பொங்குவது, எங்கே படுப்பது என்றே பக்கங்கள் நகர்கின்றன. போலீஸ் வருமோ என்ற பயத்தைவிட அடுத்த வேளைச் சோறு எங்கே என்ற கவலை எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அப்பா பிள்ளையைக் கடிந்துகொள்ளாமல் பேசிக்கொண்டே நடக்கிறாரே, அதற்காகவே இன்னொரு முறை படிக்கலாம்.

ஆபீஸ் நண்பர் தந்த ஆதவனின் ‘காகித மலர்கள்’ பற்றி நமக்குள் சண்டை வரும். தில்லி தெரிகிற இடங்கள் பிரமாதம், சரி. ஆனால் ஒவ்வொருவரும் தன் மனசையே தோண்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம்தான் தாங்குவது? உங்களுக்குப் பிடித்த புத்தகம் என்று தெரியும். டீயோடு வாருங்கள், பேசித் தீர்ப்போம்.

எதிர்வீட்டுத் தம்பிக்கும் நன்றி. தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய பிறகும் விடாமல் போய் எனக்காகப் பழைய துப்பறியும் நாவல்களை அள்ளிவந்தான். அதில் பச்சை அட்டை போட்டதில் கடைசி நாலு பக்கத்தைக் காணோம். தம்பி, நீ முன்னாடியே படித்திருந்தால் கொலைகாரன் யார் என்று வந்து சொல்லிவிட்டுப் போ. எனக்கு அந்த டாக்டர் மேல்தான் சந்தேகம்.

அன்புடன்,
மூன்றாவது மாடி அக்கா
மயூர் விகார், தில்லி