புலிக்குக் கல் பதித்த ஊர்

செல்வபுரம், கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய சிறுத்தை நகைகளின் படங்களைப் பட்டறையில் எல்லோரும் பார்த்தோம். 1952-இல் செய்த கைக்காப்பு 2010 ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது என்றதும் பையன்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்குப் பிடித்தது 1949-இல் பாரிஸ் நகை நிறுவனமான கார்த்தியே செய்த, உடையில் குத்திக்கொள்ளும் அந்த ப்ரூச்தான். 152 காரட் காஷ்மீர் நீலக்கல்லின் மேல் சிறுத்தை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய கல்லைப் பட்டை தீட்டாமல் வழவழவென்று உருண்டையாகவே விட்டிருக்கிறார்களே, தொழில் தெரிந்தவன் கை அங்கேதான் இருக்கிறது. பட்டை போட்டிருந்தால் பார்க்கிறவர் கண்ணைக் கல்லே இழுத்துக்கொள்ளும். விலங்கு இருப்பதே தெரியாது. செய்யச் சொன்ன ழான் துசான் அம்மையாரின் பெயரும், அணிந்த வின்ட்சர் சீமாட்டியின் (முடிதுறந்த எட்டாம் எட்வர்டின் மனைவி) பெயரும் நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். கல் கட்டியவர் பெயர் கிடைத்தால் அதையும் எழுது.

ஆனால், "விலங்கு நகை அவர்கள் கலை, நம்மிடம் மாங்காயும் பூவும்தான்" என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் அம்மிச்சியின் ஜடைநாகம் என்னவாம்? போன மாதம் அதைப் பழுது பார்க்கப் பிரித்தேன். பாம்பின் படத்துக்கு உட்பக்கம் முழுவதும் அரக்கு. அதன் மேல் மெல்லிய தகடு வைத்து, கெம்பை அமர்த்தி, சுற்றிலும் சுத்தத் தங்க ரேக்கைக் கருவியால் அழுத்தி அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். பற்றவைப்பு இல்லை, கொக்கி இல்லை. கையின் அழுத்தம் ஒன்றுதான் இத்தனை காலம் கல்லைப் பிடித்திருக்கிறது. கண்ணுக்கு வைத்த இரண்டு கெம்பும் அரிசி நொய் அளவுதான். ரேக்கு ஒரு மயிரிழை கூடுதலாக ஏறினால் பாம்பு தூங்குகிற மாதிரி ஆகிவிடும். அதைக் கட்டியவர் சரியான இடத்தில் கையை நிறுத்தியிருக்கிறார். எனக்கு அந்த நிதானம் வர வெகுகாலம் பிடித்தது.

இன்னும் பின்னால் போகலாம். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்ற சங்ககாலத்து ஊர் இருக்கிறது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தபோது மணி செய்த பட்டறைகளே வெளிப்பட்டன: உடைத்துப் போட்ட சில்லுகள், பாதி துளையிட்ட மணிகள், மெருகேற்றக் காத்திருந்தவை. படியூரில் கடல்பச்சை நிறத்துப் பெரில் கல், சிவன்மலையில் நீலம், வெங்கமேட்டில் படிகம் என்று கல் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே கிடைத்தது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே கரூர். வியாபாரிகள் போய்வந்த வழியிலேயே ஊர் இருந்தது. அந்த மண்ணில்தான் வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது. உடம்பில் சூதுபவளம் என்கிற செம்மஞ்சள் கல்லும் நீலமும் பதித்த புலி! சூதுபவளம் நம் பக்கத்துக் கல் இல்லை. குஜராத்துப் பக்கமிருந்து வரவழைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். புலியின் செம்மஞ்சள் நிறத்துக்கு உள்ளூர்க் கல் ஒத்துவராது என்று அந்தக் கைவினைஞர் தூரத்துக் கல்லைத் தேடியதாகவே நான் நினைக்கிறேன். லண்டனில் உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்.

நீ செய்ய நினைக்கும் விலங்கு வரிசைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் முழு உருவத்தையும் முடித்துவிட்டு அதற்கேற்பக் கல்லைத் தேடாதே. முதலில் கல்லைக் கையில் வைத்துத் திருப்பிப் பார். முதுகு எது, வயிறு எது என்று அதிலேயே தெரியும். மாதிரி பார்க்கப் போனால் நகையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பார். யாரும் பார்க்காத இடத்தையும் அரம் போட்டு மழித்திருந்தால் அந்தப் பட்டறையை நம்பலாம்.

சிறுத்தையை அவர்களுக்கு விட்டுவிடு. நீ காங்கேயம் காளையைச் செய். கன்றாக இருக்கும்போது செவலை, வளர வளரச் சாம்பல், காளையானதும் கழுத்திலும் திமிலிலும் கருமை ஏறும். ஒரே விலங்கில் இத்தனை நிறம் வேறு எங்கே கிடைக்கும்? உடம்புக்குச் சந்திரகாந்தக் கல் நன்றாக வரும். திமிலுக்கு மட்டும் கருமை ஓடிய ஒற்றைக் கல் வேண்டும். அதைத் தேடச் சொல்லிவைத்துவிட்டேன். கொம்பின் வளைவை நீ வரைந்து அனுப்பு, மெழுகில் பிடித்துப் பார்க்கிறேன். தை மாதம் லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா