பல்வலியோடு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று தொலைபேசியில் உன் குரலே சரியில்லை. மாத்திரை போட்டாயா என்று கேட்டால், "பால் கொடுக்கிறேனே அம்மா" என்கிறாய். நேரில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது எனக்கு நெஞ்சில் சளி இறங்கிக் காய்ச்சல் வந்தது. மருந்து எழுதிக்கொடுத்தவர், அது முடியும்வரை பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐந்து நாள். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ள, குளியலறையில் நின்று பாலைப் பீச்சி ஊற்றினேன். நீ தவழ்ந்து வந்து கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தாய். ஆறாம் நாள் மடியில் போட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதோடு சரி.

பிறகு உன் தம்பிக்குக் காதுவலி வந்தது. சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன்: அமாக்ஸிசிலின். அன்று நான் விழுங்கிய அதே மருந்து! பாலில் துளி கலந்தால் ஆகாது என்றதை, இவனுக்குக் கரண்டியில் அளந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தாய் சாப்பிடும் மருந்து பாலில் இறங்குவது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எடைக்கு எடை கணக்குப் பார்த்து, தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே குழந்தைக்குப் போனால் பெரும்பாலான மருந்துகளுக்குப் பரவாயில்லை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொது அளவுகோல். வலி மாத்திரையான ஐபுபுரூஃபென் அதைவிட மிகமிகக் குறைவாகத்தான் போகிறது. பாராசிட்டமாலும் சொன்ன அளவுக்குள் பயமில்லாமல் எடுக்கலாம். பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசு, குறைமாதக் குழந்தை என்றால் நானும் பயப்படுவேன். உன் மகளுக்கு ஒன்பது மாதம். கல்லீரலும் சிறுநீரகமும் தேறிவிட்டன. திட உணவும் சாப்பிடுவதால் பாலின் பங்கே குறைந்துவிட்டது. உனக்கு ஒரு முறை வயிற்றுப்புண் வந்ததே, ஐபுபுரூஃபென்னுக்கு முன் அதை மட்டும் மருத்துவரிடம் சொல்.

எல்லா வலி மாத்திரையும் ஒன்றல்ல. கோடீன், டிரமடால் இரண்டும் வேண்டவே வேண்டாம். சிலருடைய உடல் கோடீனை மளமளவென்று மார்ஃபினாக மாற்றிவிடும். குழந்தைக்கு மூச்சே மந்தமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் இந்த இரண்டையும் பாலூட்டும் தாய்மார்களுக்கு வேண்டாம் என்று எச்சரித்தது. வலிக்காக ஆஸ்பிரினும் போடாதே. மூக்கடைப்பு மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்றும் பார். அது குழந்தையைவிடப் பால் சுரப்பைத்தான் பதம் பார்க்கும்.

பல் மருத்துவரிடம் "பால் கொடுக்கிறேன்" என்பதோடு நிறுத்தாதே. குழந்தையின் வயது, ஒரு நாளைக்கு எத்தனை முறை குடிக்கிறாள், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், எல்லாவற்றையும் சொல். மரத்துப்போக ஊசி போட்டால் வீட்டுக்கு வந்ததும் பால் கொடுக்கலாம். நிறுத்தச் சொன்னால், "எந்த மருந்துக்காக, எத்தனை நாள், மாற்று மருந்து உண்டா" என்று கேள். புற்றுநோய் மருந்து, கதிரியக்க அயோடின் போன்றவற்றுக்கு நிறுத்தத்தான் வேண்டும். அது வேறு கதை. பீச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் வெளியேறும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இரத்தத்தில் குறையக் குறைய பாலிலும் தானாகக் குறையும். நான் ஊற்றியதெல்லாம் வீண்தான்.

இன்னொன்று. அன்றைக்கு வீடியோவில் உன் கட்டில் ஓரத்தில் மாத்திரை அட்டை கிடந்தது. பேத்தி அதைப் பிடித்து, வெள்ளித்தாளைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வழியாகப் போகும் துளிக்குப் பயப்படுகிற நீ, அதைக் கவனிக்கவே இல்லை. இன்றே எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வை. பிறகு பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டு எனக்குச் சொல்.

அம்மா