மூன்று பேர் இருக்கும் வீட்டில் எது அலுவலகம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாடகை வீட்டின் ஒரு பகுதியில் தொழில் செய்தால், அந்தப் பகுதிக்கான வாடகையைத் தொழில் செலவாகக் கழிக்க 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலேயே இடம் உண்டு. எவ்வளவு என்பதை மட்டும் 38-ஆவது பிரிவு வரி அதிகாரியின் கணிப்புக்கு விட்டுவிட்டது. ஒரே குடும்பம் இருக்கும் வீட்டிலேயே இது குழப்பம். தோழிகள் சேர்ந்து எடுத்த வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சப்டைட்டில் மொழிபெயர்ப்பாளர். நாங்கள் மூன்று பேர். வாடகை 24,000 ரூபாய். ஒப்பந்தமும் ரசீதும் ஒரு தோழியின் பெயரில். நான் மாதாமாதம் அவருக்கு ஜிபேயில் அனுப்பும் 8,000 ரூபாயை வாடகை என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. ரசீதைப் பிரித்துக் கேட்டால், "எதுக்கும்மா வம்பு" என்கிறார் வீட்டுக்காரர். பகலில் வீட்டில் இருப்பது நான் மட்டும் என்பதால், கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறும்போது கூடுவதை நானே கொடுத்துவிடுகிறேன். அது நியாயம்தான். ஆனால் அந்த பில்லும் வீட்டுக்காரர் பெயரில்.

வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் 44ஏடிஏ வசதி எனக்குப் பொருந்தாது என்கிறார் ஆடிட்டர். அந்த வசதி உள்ள தொழில்களின் பட்டியலில் சினிமாவுக்கு வசனம் எழுதுபவர் இருக்கிறார். அதே வசனத்துக்கு சப்டைட்டில் போடுபவர் இல்லை! 80ஜிஜி பிரிவில் வாடகைக் கழிவு உண்டு. அதிகபட்சம் மாதம் 5,000 ரூபாய். 2016 பட்ஜெட்டில் வைத்த அந்த வரம்பும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

தெளிவாக எழுத முடியாத விஷயமா இது? வீட்டோடு ஒட்டிய தொழில்முறை ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டு மின்கட்டணமே போதும் என்று தமிழக மின்கட்டண ஆணை சொல்கிறது. பிரிட்டனில் சுயதொழில் செய்பவர், வீட்டில் வேலை பார்த்த நேரத்துக்கு ஏற்ப மாதம் 10, 18 அல்லது 26 பவுண்டு கழித்துக்கொள்ளலாம். மின்சாரச் செலவுக்கு பில் பிரிக்கத் தேவையில்லை.

ஒப்பந்தத்தில் பெயர் இல்லாவிட்டாலும், கூட்டாகக் குடியிருப்பவர் வங்கி வழியே கொடுத்த பங்கை வாடகையாக ஏற்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் கழிவு தரட்டும். கட்டிலும் கிடக்கும் அறை என்றால் அதில் பாதி போதும். 800 சதுர அடி வீட்டில் கட்டிலும் கிடக்கும் என் அறை 120. அப்படிப் பார்த்தால் மொத்த வாடகையில் 3,600, அதில் பாதி என்று மாதம் 1,800 ரூபாய்தான் வரும். அதைக் காட்டத்தான் இத்தனை பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை