செயலாளரின் ஆண்டறிக்கை (ஜூலை 2024 – ஜூன் 2025), பார்க்லாண்ட்ஸ், நைரோபி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் குடும்பத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், 2024 ஏப்ரல், மே மாதங்களில் பெய்த பெருமழையின்போது நம் தெரு வடிகாலை அடைத்துக்கொண்டு நின்றது என்ன என்று ஒருவர் கேட்டதும், அதை வாரி எடுத்த காவலாளியே எழுந்து நம் வீட்டுக் குப்பைதான் என்று சொன்னதும் நினைவிருக்கும். அன்று நிறைவேறிய தீர்மானத்தின்படி, இந்த ஆண்டு சங்கத்தின் முதல் வேலையாக வீட்டுக் குப்பையை எடுத்துக்கொண்டோம். தமிழ் வகுப்பும் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடந்தன. அவற்றைப் பற்றி விரிவாக எழுதவில்லை என்று சிலர் குறைபடக்கூடும். ஆனால் செயற்குழு கூடிய நாட்களில் பெரும்பகுதி குப்பையைப் பேசியே கழிந்தது.

ஆண்டு தொடங்கிய இரண்டாம் மாதமே, 10 ஆகஸ்ட் 2024 அன்று, பக்கத்து நாடான உகாண்டாவின் கம்பாலாவில் கிட்டேசி குப்பை மேடு மழையில் சரிந்து, அடிவாரத்தில் இருந்த வீடுகளை மூடியது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2017 மார்ச்சில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் உள்ள கோஷே குப்பை மேட்டிலும் இதே போன்ற சரிவில் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கிறார்கள். அந்த மாதக் கூட்டத்தில் அஞ்சலி செலுத்திய பிறகு, நம் குப்பை எங்கே போகிறது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். டண்டோராவுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அங்கே போய்ப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

ஆகவே செப்டம்பரில் செயற்குழுவினர் ஐந்து பேர் சென்று வந்தோம். நகர மையத்துக்குக் கிழக்கே, நைரோபி ஆற்றை ஒட்டி, பழைய கல்குவாரிப் பள்ளத்தில் 1970-களின் நடுவில் தொடங்கிய கிடங்கு அது. சுமார் 30 ஏக்கர். 2001-லேயே நிரம்பிவிட்டது என்று அறிவித்தும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,400 டன் குப்பையை உண்டாக்கும் இந்த மாநகரத்துக்கு இன்றுவரை அதுதான் முதன்மையான கிடங்கு. சாலையோரத்தில் நின்று பார்த்தோம். லாரி பின்கதவைத் திறக்குமுன்பே கையில் கொக்கிக் கம்பியுடன் ஆட்கள் அதைச் சூழ்ந்தார்கள். அவர்களுக்கு இடையே இடுப்பளவு உயர மராபூ நாரைகள் மனிதரைப் பொருட்படுத்தாமல் நின்றன. சற்றுத் தள்ளி, கறுத்த நீர் நிறைந்த பீப்பாயில் ஒரு பெண் காலிப் பால் பைகளை ஒவ்வொன்றாக அலசி, கிழித்து விரித்து, கல்லின் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார். புளித்த பால் ஒட்டிய பைக்கு விலை குறைவு, காய்ந்த பைக்குக் கூடுதல் என்று எங்களுடன் வந்த ஓட்டுநர் அவரிடம் கேட்டுச் சொன்னார். நாள் முழுவதும் அந்தப் பீப்பாயில் அவர் செய்யும் வேலை, நம் சமையலறைக் குழாயடியில் அரை நிமிட வேலை. பால் பையை அலசிக் காயவைத்துத் தனியே கட்டிவைப்பது என்ற நம் முதல் விதி அன்று திரும்பி வரும் வழியில் உருவானது.

டண்டோராவைச் சுற்றி வாழும் குழந்தைகளைப் பற்றி இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். நமக்கு மிக அருகில் கிகிரியில் தலைமையகம் வைத்திருக்கும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 328 குழந்தைகளில் பாதிப் பேருக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஏற்கத்தக்க வரம்பைத் தொட்டோ தாண்டியோ இருந்தது. பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, மின்சாதனத் துண்டு ஆகியவற்றை வாளியில் போடாமல் காவலாளி அறையில் உள்ள பெட்டியில் சேர்க்கும்படி நாம் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

நம் உறுப்பினர்கள் குடியிருக்கும் 4 அடுக்ககங்களில், குஜராத்திக் குடும்பங்களையும் கென்யக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, அக்டோபரில் வீட்டுக்கு 2 வாளித் திட்டத்தைத் தொடங்கினோம். மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காத குப்பைக்கு ஒன்று. கென்யாவின் 2022-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மைச் சட்டமும் குப்பை உண்டாகும் இடத்திலேயே இப்படிப் பிரிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நகரக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் சோறும் பழமுமாக இருக்கும்போது, அதைப் பிரித்துவிட்டாலே லாரியின் சுமை பாதியாகிவிடும் என்று நம்பினோம்.

மூன்றாம் வாரம் வாசல் அஸ்காரி (காவலாளி) என்னை அழைத்துக் காட்டியதை மறைக்காமல் எழுதுகிறேன். நாம் பிரித்து வைத்த இரண்டு வாளிகளையும் குப்பை எடுக்கும் நிறுவனத்தின் ஆட்கள் ஒரே லாரியில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். நிறுவனத்திடம் கேட்டபோது, எங்களிடம் இந்தத் தடத்துக்கு ஒரே லாரிதான், நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் கட்டணம் அதேதான் என்று பதில் வந்தது. அவர்கள்மேல் மட்டும் பழி போடுவது சரியாகாது. வாளி வாங்குமுன் வண்டியைப் பற்றி விசாரிக்காதது செயற்குழுவின் தவறு, அதிலும் முதன்மையாக என் தவறு. அந்த 3 வாரங்களில் ஆர்வம் இழந்த குடும்பங்களை மீண்டும் சேர்க்க 3 மாதங்கள் ஆயின.

ஜனவரி முதல் ஏற்பாடு மாறியது. கியம்பு பக்கம் காய்கறி பயிரிட்டு, தாமே எருக்குழியும் வைத்திருக்கும் ஒருவர், வாரம் இருமுறை தம் பிக்கப்பில் வந்து மக்கும் குப்பையை மட்டும் எடுத்துச் செல்கிறார். இதற்காக மாதச் சந்தாவில் வீட்டுக்கு 200 ஷில்லிங் கூட்டியதை ஏற்றுக்கொண்ட அனைவருக்கும் நன்றி. பால் பை, பாட்டில், அட்டை ஆகியவற்றை நம் தெருவில் கைவண்டி தள்ளும் இரு இளைஞர்கள் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காசு அவர்களுக்கே என்று முடிவு செய்தோம். மீதியைத்தான் பழைய நிறுவனத்தின் லாரி எடுக்கிறது.

எருக்குழிக்காரர் மார்ச்சில் ஒரு நாள் ஒரு சிறு பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் 6 ஸ்பூன்கள், ஒரு தேங்காய்த் துருவியின் பிடி, குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று. கூட்டத்தில் மேசைமேல் பரப்பி வைத்தபோது கொலுசுக்கு உரியவர் உடனே கிடைத்தார். ஸ்பூன்களை யாரும் தமது என்று சொல்லவில்லை. அவற்றுள் ஒன்று என் வீட்டுடையது.

அடுத்துச் சொல்ல வேண்டியது சிரிப்பதற்குரியது அன்று. நவம்பரில், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்ட ஊசி ஒன்று மூடியில்லாமல் சாதாரணப் பையில் போடப்பட்டு, லாரி ஏற்றும் இளைஞர் ஒருவரின் உள்ளங்கையில் ஏறியது. அவர் 28 நாட்கள் தடுப்பு மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவச் செலவையும், வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் சங்கமே ஏற்றது. எந்த வீட்டு ஊசி என்று ஆராய்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்தது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இனி ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் இட்டு, மூடியை இறுக்கி, மாதம் ஒருமுறை பொறுப்பாளரிடம் தர வேண்டும். அவர் அவற்றை மருத்துவமனையில் ஒப்படைப்பார்.

பைகளைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 28 ஆகஸ்ட் 2017 முதல் கென்யாவில் கடைகளில் தரும் பாலித்தீன் பைக்குத் தடை உண்டு. மீறினால் 40 இலட்சம் ஷில்லிங் வரை அபராதமோ 4 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். சிட்டி பார்க் சந்தைக்கு நாம் துணிப்பை எடுத்துப் போகப் பழகியது அதற்குப் பிறகுதான். ஆனால் குப்பை கட்டும் பைகள் மட்டும் தொடர்ந்து புழக்கத்தில் இருந்தன. 2024 ஏப்ரலில் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மை ஆணையம், மக்கும் குப்பையைச் சாதாரண பிளாஸ்டிக் பையில் கட்டக் கூடாது, முழுவதும் மக்கும் பையே வேண்டும் என்று 90 நாள் தவணை கொடுத்து அறிவித்தது. அந்தப் பை விலை கூடுதல், ஈரம் பட்டால் அடி பிய்ந்துவிடுகிறது என்று பலர் முறையிட்டார்கள். பையே இல்லாமல் வாளியின் அடியில் செய்தித்தாள் விரித்து, நேராக எருப் பீப்பாயில் கொட்டிக் கழுவி வைப்பது என் வீட்டில் 5 மாதமாக நடக்கிறது, வாடை வருவதில்லை.

மாநகர நிர்வாகத்துடன் நமக்கு நேரடித் தொடர்பு அதிகம் அமையவில்லை. 2023-ல் சுமார் 3,500 பேரைக் கொண்டு தொடங்கிய ‘கிரீன் ஆர்மி’ துப்புரவுப் படையினர் நம் தெருவைக் காலையில் பெருக்குகிறார்கள். பொங்கலன்று அவர்களுக்கும் இலை போட்டோம். பிப்ரவரியில், பாக்கித் தொகைத் தகராறு ஒன்றில் மாநகர லாரிகள் மின் விநியோக நிறுவனத்தின் தலைமையக வாசலில் குப்பையைக் கொட்டிவிட்டுச் சென்றதை நாம் செய்தியில் பார்த்தோம். இடமில்லை, வண்டியில்லை என்று ஆண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, சண்டை என்று வந்தால் வண்டி கிடைக்கிறது என்பது அன்று தெரிந்தது. டண்டோராவுக்கு மாற்றாக நகரின் கிழக்கே உள்ள ருவாயில் புதிய கிடங்கு அமைக்கும் பழைய திட்டம், பறவைகளால் விமான நிலையத்துக்கு ஆபத்து என்ற ஆட்சேபத்தால் நின்றுபோனது. ஆகவே அந்த மேடு இன்னும் சில ஆண்டுகளுக்கு வளரும் என்றே எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

முடிவு காணாதவை இரண்டு. குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும் இப்போதும் லாரியிலேதான் போகின்றன. தாளில் சுற்றிக் குறியிட்டுத் தருவதைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை. நான்காம் அடுக்ககத்தின் உரிமையாளர் எருப் பீப்பாய் வைக்கக் கார் நிறுத்துமிடத்தில் இடம் தர மறுத்துவிட்டதால், அங்குள்ள குடும்பங்கள் வாளியைத் தெருமுனை வரை சுமக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். ஊசிப் பொறுப்பை அடுத்த ஆண்டுக்கு ஏற்க ஒருவரும், நான்காம் அடுக்கக உரிமையாளரிடம் மீண்டும் பேச இருவரும் இக்கூட்டத்திலேயே பெயர் கொடுக்க வேண்டுகிறேன். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்
நைரோபி